மணியின் உள்ளங்கால்

எங்கள் வீட்டு நாயின் பெயர் மணி. தமிழ்நாட்டில் பாதி நாய்களுக்கு இதுதான் பெயர். நான் ஆர்கஸ் என்று வைக்க விரும்பினேன். இருபது வருஷம் கழித்துப் பிச்சைக்காரன் வேஷத்தில் வீடு திரும்பும் ஒடிசியஸை அடையாளம் கண்டுகொண்டு, வாலை ஆட்டிவிட்டுச் செத்துப்போகிற நாய் அது. பி.ஏ. ஆங்கிலம் படித்தவனுக்கு இப்படித்தான் புத்தி போகும். அம்மா ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "இது வாயில நுழையலடா" என்று மணி ஆக்கிவிட்டாள். தெருவில் பிறந்து, ஓர் ஐப்பசி மழையில் எங்கள் மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கி, மழை விட்ட பிறகும் போகாமல் தங்கிவிட்ட நாட்டு நாய். செம்மண் நிறம். ஒரு காது மடிந்திருக்கும்.

நான்கு வருஷம் கூட இருந்தும் அதன் பாதத்தை நான் பார்த்ததில்லை. கண்ணைப் பார்த்திருக்கிறேன். நாயின் கண்ணைப் பற்றி ஒரு கவிதைகூட எழுதி, நல்லவேளையாகக் கிழித்துப் போட்டிருக்கிறேன். நாய் என்றதும் நம் மனத்தில் எழுவது நாய் அல்ல, நன்றி. அல்லது இழிவு. பாரதத்தின் முடிவில் தருமனோடு மலையேறும் நாய்க்கும் இதே கதிதான். மற்றவர்கள் ஒவ்வொருவராக விழ, அது கடைசிவரை நடந்து வருகிறது. அது தர்மதேவதை என்று தெரிந்ததும் நமக்கு நிம்மதியாகிவிடுகிறது. அவ்வளவு தூரம் கல்லிலும் பனியிலும் நடந்த கால்கள் என்ன ஆயின என்று கேட்கும் அவசியம் நீங்கிவிடுகிறது. படிமமாகிவிட்ட பிராணிக்குக் கால் வலிக்காது.

2023 மே மாதம், இரண்டாம் சனிக்கிழமை. வங்கிக்கு விடுமுறை. அக்கினி நட்சத்திரம் தொடங்கி ஒரு வாரம் தாண்டியிருந்தது. ஆரணியிலிருந்து நண்பர் ஒருவர் வந்திருந்தார். கவிதை எழுதுகிறவர். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தபோது கரண்ட் போயிற்று. வேலூரில் மே மாதத்தில் மின்விசிறி சுற்றாத அறையில் இலக்கியம் பேச முடியாது. கோட்டைப் பக்கம் போய் ஏதாவது மரத்தடியில் உட்காரலாம் என்று கிளம்பினோம். பகல் ஒன்றரை இருக்கும். மணி வழக்கம்போல் பின்னால் வந்தது.

பேச்சு நான் அப்போது எழுதி முடித்திருந்த ஒரு மதிப்புரை பற்றியது. புதிய கவிஞர் ஒருவரின் முதல் தொகுப்பு. அதில் வெயிலைப் பற்றி மட்டும் ஒன்பது கவிதைகள். 'வெயில் என்ற சொல் இருக்கிறது. வெயில் இல்லை' என்று எழுதியிருந்தேன். அந்த வாக்கியத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. நண்பர் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். அனுபவம் என்பது புலன்வழி வரவேண்டியது, வாசிப்பின் வழி வந்த அனுபவம் இரவல் என்றெல்லாம் பேசிக்கொண்டே போனோம். 'எழுத்து' சி.சு. செல்லப்பா புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்றது பற்றியும் பேச்சு வந்தது. நம் மரபே நடந்த கால்களின் மரபு என்று நண்பர் சொன்னார். இருவர் காலிலும் செருப்பு இருந்தது.

மணி நேராக வரவில்லை. நின்றிருந்த ஆட்டோவின் நிழலுக்கு ஓடும், நிற்கும். அடுத்தது ஒரு டீக்கடைப் பந்தல். அதற்கும் அடுத்த நிழலுக்கு இடையே இருந்த தார் ரோட்டில் ஒரு காலை ஊன்றி ஒரு காலைத் தூக்கி, மாற்றி மாற்றிக் குதித்தது. "உங்க நாய் பரதம் ஆடுது பாருங்க" என்றார் நண்பர். நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருந்தால்கூட இதை எழுதியிருக்க மாட்டேன். அது நிழலில் தங்கிய ஒவ்வொரு முறையும் நான் கூப்பிட்டேன். நான்கைந்து முறை இருக்கும். கூப்பிட்டபோதெல்லாம் வந்தது. கடைசி முறை சிறிது யோசித்தது; பிறகு வந்தது.

சாயங்காலம் அது எழுந்திருக்கவில்லை. முன்காலை விடாமல் நக்கிக்கொண்டிருந்தது. சிவப்புக் காவித் தரையில் அங்கங்கே ஈரத் திட்டுகள். அம்மாதான் காலைத் திருப்பிப் பார்த்தாள். "கால் வெந்து போயிருக்குடா" என்றாள். இரண்டு முன்கால்களிலும் நடுத்திண்டின் தோல் ஒரு பக்கம் கிளம்பி, காய்ச்சிய பாலின் ஏடுபோல் சுருங்கியிருந்தது. அடியில் ரோஜா நிறத்தில் சதை. பின்காலில் ஒரு விரலில் கொப்புளம். நான் ஐஸ் எடுக்கப் போனேன். வேண்டாம், பச்சைத் தண்ணீர் போதும் என்று அம்மா சொன்னாள். அது சரியான யோசனை என்று மறுநாள் தெரிந்தது. ஐஸ் நேராக வைத்தால் வெந்த இடம் மேலும் கெடும்.

கால்நடை மருத்துவர் என்னைவிட இளையவர். திட்டவில்லை. "எத்தனை மணிக்கு சார் கூட்டிட்டுப் போனீங்க?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "நீங்க செருப்பு போட்டிருந்தீங்களா?" என்றார். அதுவும் கேள்விதான், அதில் கிண்டல் இல்லை. உப்புநீரால் கழுவி, செத்த தோலை மட்டும் வெட்டி, கொப்புளத்தை உடைக்காமல் விட்டு, மருந்து தடவிய வலைத்துணி வைத்துக் கட்டினார். பிறகு கட்டாத காலைத் தூக்கி எனக்குப் பாடம் நடத்தினார்.

நாய் உள்ளங்காலில் நடப்பதில்லை, விரல்களில் நடக்கிறது. பின்காலில் முழங்கால் பின்பக்கம் மடிந்திருப்பதுபோல நமக்குத் தெரிகிற இடம்தான் அதன் குதிகால். ஒவ்வொரு பாதத்திலும் நான்கு விரல்களுக்கு நான்கு சிறு திண்டுகள், நடுவில் பெரிதாக ஒன்று. முன்காலில் சற்று மேலே தனியாக இன்னொரு சின்னத் திண்டு உண்டு. மேல்தோல் உடம்பில் வேறெங்கும் இல்லாத அளவுக்குத் தடித்தது. தொட்டால் உப்புத்தாள்போல் சொரசொரப்பாக இருக்கும். அதன் அடியில் நார்களால் கட்டப்பட்ட கொழுப்பு மெத்தை. குதிக்கும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அதுதான். நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் முக்கியமாக இங்கேதான் இருக்கின்றன. மணி விட்டுச்சென்ற ஈரத் தடங்களைப் பலமுறை பார்த்து, தண்ணீரில் மிதித்துவிட்டு வந்திருக்கிறது என்று நினைத்திருக்கிறேன்.

இதைக் கேட்டபின் நானும் தேடிப் படித்தேன். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, பனியில் நிற்கும் நாயின் பாதம் ஏன் உறைவதில்லை என்பதைச் சொல்கிறது. திண்டுக்குள் இதயத்திலிருந்து வரும் ரத்தக்குழாயைத் திரும்பிப்போகும் குழாய்கள் சுற்றிப் பின்னியிருக்கின்றன. வருகிற ரத்தத்தின் சூடு போகிற ரத்தத்துக்கு மாறிவிடுகிறது. குளிர் உடம்புக்குள் ஏறுவதில்லை. எவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு. ஆனால் குளிருக்குச் செய்த இந்த ஏற்பாடு தாருக்கு உதவுவதில்லை. நாய் மனிதனோடு சேர்ந்து 10,000 ஆண்டுகளுக்கு மேலாகிறது. தார் ரோடு நேற்று வந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 1970-ல் வந்த ஒரு குறிப்பு, நேர் வெயிலில் காற்று 25 டிகிரி சென்டிகிரேடாக இருக்கும்போதே தார்ப் பரப்பு 52 டிகிரியை எட்டிவிடுவதாகக் கணக்குத் தருகிறது. 25 டிகிரி என்பது வேலூரில் மார்கழிப் பகல். மே மாதத்தில் 40-ஐத் தொடுவது இங்கே செய்தியே அல்ல.

"புறங்கையை ரோட்டில வச்சு ஏழு எண்ணுங்க சார். உங்களால வைக்க முடிஞ்சா அது நடக்கலாம்" என்றார் மருத்துவர். அன்று மதியமே, அதே ஒன்றரைக்கு, வாசலில் போய் வைத்துப் பார்த்தேன். மூன்றுகூட முழுசாக எண்ணவில்லை. எதிர்வீட்டுப் பையன், "என்னண்ணா, ஏதாச்சும் விழுந்துடுச்சா?" என்று கேட்டான்.

குணமாக மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. வேறு இடத்துப் புண் இத்தனை நாள் எடுக்காது. ஒவ்வோர் அடியிலும் உடம்பின் பாரம் அதன்மேலேயே விழுவதால் ஆற ஆறப் பிளக்கிறது. நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு ஒன்று வேண்டியிருந்தது. அம்மாவின் பழைய முழங்கால் எக்ஸ்ரே படத்தை வெட்டிச் செய்தோம். மூன்று வாரமும் அந்த எலும்பு நிழலைக் கழுத்தில் சுமந்துகொண்டு மணி வீட்டைச் சுற்றியது. வெளியே போகும்போது கட்டின்மேல் பிளாஸ்டிக் பை. உள்ளே வந்ததும் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் புழுங்கி அழுகும்.

பிறகு வீட்டில் ஒரு நியமம் வந்தது. காலை ஏழுக்கு முன்னால் ஒரு நடை. மாலையில் சூரியன் போனதும் கிளம்பக்கூடாது. தார் சூட்டை வைத்துக்கொண்டிருக்கும். இருட்டி, கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவோம். முடிந்தவரை மண் ஓரம். திரும்பியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றுவேன். நெருஞ்சி முள், கண்ணாடிச் சில், உண்ணி, எல்லாம் அங்கேதான் ஒளிந்துகொள்ளும். தெருவோரம் பிளீச்சிங் பவுடர் தூவிய நாளில் கழுவாமல் விட்டால் பாதம் எரிவதோடு, நக்கி வயிற்றுக்குள்ளும் போகும். ராத்திரிப் படுக்கப்போகும்போது இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய், வறண்ட இடத்தில் மட்டும். அதிகம் தடவினால் இரண்டு கெடுதல். நக்கித் தின்றுவிட்டு வயிற்றால் போகும். அதைவிட, தோல் இளகிவிடும். நாய்க்கு மிருதுவான பாதம் அழகல்ல, ஆபத்து. அது சொரசொரப்பாகத்தான் இருக்க வேண்டும். வெடிக்கக் கூடாது, அவ்வளவுதான். நாம் தடவும் களிம்புகளைத் தடவக் கூடாது. டீ ட்ரீ ஆயில் நாய்க்கு விஷம். எண்ணெய்க்கும் மசியாமல் திண்டு கெட்டியாகித் தடித்துக்கொண்டே போனால் அது வறட்சி அல்ல, உள்ளே இருக்கும் நோயாக இருக்கலாம். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் காய்ச்சல் அப்படிச் செய்யும். அதனால்தான் முதல் நாளே தடுப்பூசிச் சீட்டைக் கேட்டார் மருத்துவர்.

செருப்பும் வாங்கிப் பார்த்தேன். நான்கு ரப்பர் உறைகள். மாட்டியதும் மணி சேற்றில் இறங்கியதுபோல் ஒவ்வொரு காலாக உதறிற்று, பிறகு உட்கார்ந்துவிட்டது. அலாஸ்காவில் பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்கள் துணி உறை மாட்டிக்கொண்டு ஓடுகின்றன. ஆங்கரேஜிலிருந்து நோம்வரை 1973 முதல் நடக்கும் ஓட்டத்தில், வண்டிக்காரர் நாய் ஒன்றுக்கு எட்டு உறை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த நோம் ஊருக்குத்தான் 1925-ல் தொண்டை அடைப்பான் நோய்க்கு மருந்து போயிற்று. சுமார் 150 நாய்கள் மாற்றி மாற்றி இழுத்து, 1,085 கிலோமீட்டரை ஐந்தரை நாளில் கடந்தன. அதில் ஒரு நாய்க்கு நியூயார்க்கில் சிலை இருக்கிறது. எனக்குச் சிலையைவிட எட்டு உறை விதிதான் பெரிதாகத் தோன்றுகிறது. யாரோ ஒருவர் ஒவ்வொரு காலையும் தூக்கிப் பார்த்திருக்கிறார். பார்த்ததை விதியாக எழுதியிருக்கிறார்.

மதிப்புரையை என்ன செய்தாய் என்று வாசகர் கேட்கலாம். மறுபடி எடுத்துப் படித்தேன். கவிதைகள் மோசமானவைதான். என் நாயின் கால் வெந்ததால் அவை நல்ல கவிதைகள் ஆகிவிடவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். வெயில் இல்லை என்று சொல்ல, வெயில் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அது தலைக்குமேல் இருப்பதாக எண்ணம். ஒன்றரை மணிக்கு அது காலடியில் இருந்தது. அங்கே ஒரு ஜீவன் அதை நிமிஷத்துக்கு நிமிஷம் படித்துக்கொண்டும் இருந்தது. நான் அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மதிப்புரை அந்த வரி இல்லாமல் வெளிவந்தது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நண்பர் மட்டும், "அந்த லைன் போயிடுச்சே" என்று வருத்தப்பட்டார்.

இதோடு முடிந்திருக்கும். ஆனி மாதத்தில் ஒரு ராத்திரி மணிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். காலை அசையாமல் பிடித்துக்கொள்வது அம்மாவின் வேலை. தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். புடவை சற்று விலகியிருந்தது. இடது குதிகாலுக்கு முன்னால், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுத்த வட்டம். ஓரம் உரிந்திருந்தது. இத்தனை நாளாக நான் பாதங்களைப் பார்த்துப் பழகியிருந்தேன்; அது என்ன என்று உடனே தெரிந்தது.

"எப்போம்மா சுட்டுச்சு?"

"எது? அதுவா? தெரியலடா. பிரதோஷத்துக்குப் போனப்போ இருக்கும். கல்லு சூடுன்னு எல்லாரும் ஓடினாங்க. எனக்கு ஒண்ணும் தெரியல" என்றாள். புடவையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டாள். "முதல்ல அதுக்குத் தடவி முடி."

அம்மாவுக்குப் பதினொரு வருஷமாகச் சர்க்கரை. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் பிரதோஷம் தவறாமல் போவாள். கல் பிராகாரத்தை வெறும் காலில் மூன்று முறை சுற்றுவாள். தனக்குச் சூடு தெரிவதில்லை என்பதைத் தெய்வ அனுக்கிரகமாக எடுத்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை மருத்துவர் மெல்லிய நைலான் இழை ஒன்றை வளையும்வரை உள்ளங்காலில் பல இடங்களில் அழுத்தி, "தெரியுதாம்மா? தெரியுதாம்மா?" என்று கேட்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, அடுத்தது வரும் என்று காத்திருந்தாள். அவர் முடித்துவிட்டிருந்தார்.

நரம்பு மரத்துப்போயிருக்கிறது, தினமும் ராத்திரி பாதத்தைப் பார்க்க வேண்டும், அவரால் குனிய முடியாவிட்டால் வேறொருவர் பார்க்க வேண்டும், கழுவி விரலிடுக்கை நன்றாகத் துடைக்க வேண்டும், வறண்ட இடத்தில் எண்ணெய் தடவலாம், இடுக்கில் தடவக் கூடாது, வெந்நீரில் வைக்கக் கூடாது, வெறும் காலில் நடக்கவே கூடாது என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். எனக்கு இதை முன்பே கேட்டதுபோல இருந்தது. அம்மாவுக்கும் இருந்திருக்க வேண்டும். வெளியே வந்ததும், "நம்ம மணிக்குச் சொன்னதத்தான் எனக்கும் சொல்றாரு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "நாய்க்காச்சும் சுட்டா தெரியுது."

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. மணிக்குத் தெரிந்தது, சொல்ல வாயில்லை. அம்மாவுக்கு வாய் இருக்கிறது, தெரியவில்லை. இருவரோடும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பிறர் அனுபவத்தின் நேர்மையைப் பற்றிப் பத்து வருஷமாக நான் எழுதிக்கொண்டிருந்தேன். இதை ஒரு தத்துவமாக்கிவிடலாம் என்று கை பரபரக்கிறது. வேண்டாம். பதினொரு வருஷம் என்பது பதினொரு வருஷம்.

மணியின் திண்டில் புதுத்தோல் முதலில் வெளிறி வந்து, மழைக்காலம் முடிவதற்குள் கறுத்துப் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. இடது முன்காலில் மட்டும் ஓர் ஓரம் கரடுதட்டியிருக்கிறது. அங்கே ஒரு சொட்டு கூடுதல் எண்ணெய். அம்மாவின் வட்டம் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. கோயிலை நிறுத்து என்று சொல்லிப் பார்த்தேன். நடக்கவில்லை. பருத்தி உறை போட்டுக்கொள்ளச் சொன்னேன். "சாமி முன்னாடி சாக்ஸா?" என்றாள். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். வெயிற்காலத்துப் பிரதோஷங்களில் நான் வங்கியிலிருந்து நேராகக் கோயிலுக்கு வந்துவிடுவேன். தென்னைநார் மிதியடி விரித்த இடத்தில் அவள் பாட்டுக்கு நடப்பாள். மிதியடி முடிகிற இடத்தில் நிற்க வேண்டும்.

அங்கே நான் குந்தி உட்கார்ந்து, கல்லில் புறங்கையை வைத்து எண்ணுகிறேன். பின்னால் வருகிறவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து விலகிப் போகிறார்கள். ஐந்து எண்ணும்போது அம்மாவுக்குப் பொறுமை போய்விடும்.

"என்னடா, ஆச்சா?" என்பாள்.

"இரும்மா" என்பேன்.